தைத்தவர் பெயர் இல்லாத பைகள்

நுஸ்ரத்துக்குக் கோபம் வந்தால் தாராவியில் அவள் சந்தே வாயை மூடிக்கொள்ளும். அன்றைக்கு வந்தது சும்மா கோபம் இல்லை, வயிறு எரிந்து வந்த கோபம்.

தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் அல்தாப் பாய்க்கு வெப்சைட் செய்து கொடுத்தவள் அவள்தான். செம்பூரில் படித்த பிஎச்பி என்கிற வெப்சைட் மொழிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. பாயிடம் ஒரே நிபந்தனை போட்டாள்: ஒவ்வொரு பையின் கீழும் அதைத் தைத்த பெண்ணின் பெயர் வரவேண்டும். தைக்கிற பெண்களுக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். அவர்களில் சுலைகா மாமி தன் பெயரைப் போனில் மான்குர்த் சம்பந்தி வீடு வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

பெயர்கள் டேட்டாபேஸிலிருந்து வரும். அவற்றைப் பக்கத்தில் காட்ட முழுசாக 'எக்கோ' என்று எழுதலாம், <?= என்று சுருக்கியும் எழுதலாம். நுஸ்ரத் சுருக்கித்தான் எழுதுவாள், கை அப்படிப் பழகிவிட்டது. 'உரிமையாளர்: அல்தாப்' என்பதை மட்டும் பக்கத்தின் தலையில் நேராகத் தட்டியிருந்தாள்.

பாய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சைட்டை ஏதோ ஓட்டை சர்வருக்கு மாற்றினார். அந்தப் பழைய சர்வரில் சுருக்கக் குறி செல்லாது. விடிந்து பார்த்தால் எல்லாப் பைகளின் கீழும் 'தைத்தவர்:' என்று இருக்கிறது, அதற்கு அடுத்து ஒன்றுமே இல்லை. பாயின் பெயர் மட்டும் ஜம்மென்று நிற்கிறது.

சுலைகா மாமி போனை நீட்டினாள். "ஏளா, எம்பேர அழிச்சிட்டாவளா?"

நுஸ்ரத் நேராகப் பட்டறைக்குப் போனாள். சுருக்கி எழுதியது தன் தப்புதான், அந்த சர்வரின் பாஸ்வேர்டைக் கொடுங்கள், இப்போதே சரி செய்கிறேன் என்றாள். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பாக்கலாம்மா. பை வித்துக்கிட்டுத்தான இருக்கு?"

என்ன திமிர்! அந்த நாளை வரவே இல்லை. பெருநாளுக்கு வந்த புதுப் பைகளின் படத்தை ஏற்றவேண்டும் என்றதும்தான் பாஸ்வேர்டு வந்தது.

நுஸ்ரத் படங்களை ஏற்றினாள். பெண்களின் பெயர் வரும் இடமெல்லாம் சுருக்கத்தை அழித்து எக்கோ எழுதினாள். சுலைகா, பேராச்சி, சாயிமா என்று எல்லோரும் அவரவர் பைக்குக் கீழே வந்து நின்றார்கள். பிறகு பக்கத்தின் தலைக்குப் போனாள். நேராகத் தட்டியிருந்த பாயின் பெயரைத் தூக்கி டேட்டாபேஸில் போட்டு, அதைக் காட்டுவதற்கு மட்டும் அந்த <?= சுருக்கத்தை வைத்தாள்.

மறுநாள் பாய் போனில் கத்தினார். 'உரிமையாளர்:' என்பதற்குப் பக்கத்தில் காலியாம், மாட்டுங்காவில் பை வாங்குகிற பார்ட்டி சிரிக்கிறானாம்.

"நாளைக்குப் பாக்கலாம் பாய்," என்றாள் நுஸ்ரத். "பை வித்துக்கிட்டுத்தான இருக்கு?"