டாக்டர் நோனாவின் கடல் சட்டை

அறுபதுகளின் ஆரம்பம், தை மாதம். இலங்கை மலையகத்து அட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் முன் விறாந்தையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். கடை முதலாளி ஒரு முஸ்லிம். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வட்டகொடைப் பக்கம் என் மனைவி கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்து, தினமும் ரயிலில் வந்து போவேன்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்த காலம் அது. காரணமும் இருந்தது. நான் தைக்கும் சட்டையில், யாரும் கேட்காமலே, நெஞ்சுக்கும் முதுகுக்கும் உள்ளே ஒரு மடிப்பு கதகதப்பான பிளனல் துணி வைத்து மூடிவிடுவேன். வெளியே தெரியாது. "ஒங்க சட்டையில மட்டும் குளிரு ஏற மாட்டேங்குதே, என்னா மந்திரம்?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரி டாக்டர் நோனா கடைக்கு வந்தார். தெற்குக் கடற்கரைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி; மரியாதையாக நோனா என்போம். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்தே தமிழ் பழகியவர். லீவில் ஊருக்குப் போகிறாராம். அங்கே கண்ணாடி வைத்த ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு, மூச்சு விட ஒரு குழாயை வாயில் கவ்வியபடி, கடலில் குப்புற மிதந்து மீன் பார்ப்பாராம். அதற்குப் போட ஒரு சட்டை வேண்டுமாம்.

"மெல்லிசு துணி. முழுக் கை. கழுத்து மூடி இருக்கணும். முதுகுல வெயில் படக் கூடாது," என்றார்.

தண்ணீரில் கிடப்பவருக்கு வெயில் எங்கே படும்? கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே என்று தலையை மட்டும் ஆட்டி அளவெடுத்தேன்.

ஆனால் அந்தச் சட்டை என்னைத் தூங்கவிடவில்லை. நான் கடலைக் கண்ணால் கண்டதில்லை. அதில் மணிக்கணக்காகக் கிடந்தால் உடம்புக்கு எப்படி இருக்கும்? தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று, மறுநாள் விடிந்ததும் மெல்லிய சட்டையோடு லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் இறங்கினேன். கரைப் புல்லெல்லாம் உறைபனி. கண்ணை மூடிக்கொண்டு குப்புறப் படுத்தேன்.

"என்னாங்க, கிறுக்கு புடிச்சிருச்சா? மேல வாங்க மொதல்ல!" என்று மனைவி கரையில் நின்று கத்தினாள். பத்து எண்ணுவதற்குள் எனக்குப் பல் தந்தியடித்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். பாவம் நோனா, மெல்லிசுத் துணி கேட்கிறாரே, விறைத்துப் போவாரே! சட்டையின் உள்ளே இரண்டு மடிப்பு பிளனல் வைத்தேன். கைகளுக்கும் வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

புறப்படும் அவசரத்தில் வந்த நோனா, சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கனமா இருக்கே?" என்றார்.

"போடப் போடச் சரியாயிருமுங்க, நோனா," என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மெஷின் மேல் வைத்தார். என் சட்டை கழுத்திலிருந்து கீழ்வரை கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது.

பவளப் பாறையைத் தாண்டி ஆழத்துக்குப் போனதும் துணி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துவிட்டதாம். கையைத் தூக்க முடியவில்லை. குழாய்க்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கூட நீந்திய அவருடைய தம்பிதான் இடுப்புக் கத்தியால் சட்டையை அறுத்து அவரைக் கரைக்கு இழுத்திருக்கிறார். கோபமே இல்லாமல் நோனா இதையெல்லாம் சொன்னார்.

நானா என்னைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் நோனாவக் கொல்லப் பாத்தியே! ஒன்ட மெஷினத் தூக்கிட்டு இப்பவே எறங்கு!" என்றார். அந்த விறாந்தையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனாலும் மெஷினின் மூடியை எடுத்து மாட்டத் தொடங்கினேன்.

"பொறுங்க நானா," என்று அவரை நிறுத்திய நோனா என்னைப் பார்த்தார். "நீங்க கடல் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. ஓடையில எறங்கித்தான் பாத்தேன்," என்று நடந்ததைச் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "அடுத்த மாசம் திரும்பப் போறேன். மனைவியையும் கூட்டிட்டு வாங்க. தண்ணியில எறங்கிப் பாத்துட்டு அங்கயே தைங்க," என்றார் நோனா.

அப்படித்தான் நாங்கள் கடலைப் பார்த்தோம். காலை நனைத்ததும் மனைவி கேட்டாள்: "இது என்னங்க, வெந்நி மாதிரி இருக்கு?" நோனாவின் தம்பி எனக்கு முகமூடியை மாட்டி, இடுப்பைப் பிடித்து மிதக்கவிட்டார். நான் மேலே சட்டையில்லாமல், இடுப்பில் கட்டிய சாரத்தோடு இருந்தேன். தலையைத் தண்ணீருக்குள் விட்டதும், அப்பப்பா! நானா கடையில் தீபாவளிக்குப் புதுத் துணிக் கட்டுகளைப் பிரித்துப் போட்ட மாதிரி மீன்கள். கறுப்புக் கோடு போட்ட மஞ்சள், கழுத்தில் மட்டும் பச்சை பூசிய நீலம். இந்தச் சாயத்தை எந்த மில்லில் போட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். உடம்பு நடுங்கத் தொடங்கிய பிறகுதான் மேலே வந்தேன். அவ்வளவு வெதுவெதுப்பான தண்ணீரும் நேரமானால் சூட்டை உறிஞ்சிவிடுகிறது.

சாயங்காலம் முதுகு நெருப்பாக எரிந்தது. இரண்டு நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. நோனா களிம்பைக் கொடுத்துவிட்டு, "இப்ப தெரிஞ்சதா, வெயில் எங்க படும்னு?" என்றார்.

மூன்றாம் நாள் அவர் வீட்டு மெஷினிலேயே தைத்தேன். நெருக்கமாகப் பின்னிய பனியன் துணி. தண்ணீர் உள்ளே புகுந்து அலையாதபடி உடம்போடு ஒட்டிய முழுக் கை, மூடிய கழுத்து. உள்துணி இல்லை, பாக்கெட் இல்லை, தொங்கும் நுனி ஒன்றுகூட இல்லை. வாளியில் முக்கி எடுத்து, கனக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். திருப்தியாகாமல் மறுபடியும் முக்கினேன்.

நோனா அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆழத்துக்குப் போகப் போக அந்தக் குழாயின் நுனி மட்டும்தான் தெரிந்தது. ஒரு அலை அதையும் மறைத்தது. மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் வேண்டாத சாமியில்லை. அலை இறங்கியதும் குழாய் தெரிந்தது. நோனா தலையை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினார். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் துணி கொண்டுவந்தாலும், அளவெடுக்கும் முன் எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிவிட்டேன். ஆனால் தன்னை ஒருமுறை மூழ்கடிக்கப் பார்த்த அதே கையில், இரண்டாவது தடவையும் துணியைக் கொடுத்துவிட்டு, அந்தச் சட்டையோடு அவர் அதே ஆழத்துக்கு இறங்கிப் போனாரே, அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்குமா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.