கரண்டி தட்டினால் ஒரு சாண்

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் அடுக்கியிருந்த கிடங்குகளில் இப்போது படம் மாட்டுகிறார்கள். அப்படியொன்றுக்கு என் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இருட்டு அறை, சுவரெல்லாம் நீளநீளமாக ஓவியம், எங்கேயோ ஒளித்துவைத்த பெட்டியிலிருந்து தண்ணீர்ச் சத்தம். வாசலில் நின்ற பெண் அதை மல்டிமீடியா என்றாள். இதற்கு முன் இந்த மாதிரி பார்த்திருக்கிறீர்களா என்று பணிவாகக் கேட்டாள். எங்கள் வீட்டு அடுப்படியில் பார்த்திருக்கிறேன் என்றேன். மகள் என் கையைக் கிள்ளினாள். நான் சொன்னதில் பொய்யில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, என் அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அதற்கு ஒரு பெயர் இருப்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

அப்போது அத்தா துபாய்க்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அங்கே அவருக்கு ஏ.சி. பழுது பார்க்கிற வேலை. நானும் அம்மாவும் அத்தாவின் அண்ணன் வீட்டில் இருந்தோம். பெரியத்தாவுக்கு பஜாரில் அரிசி மண்டி. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லாததால் நான்தான் பிள்ளை. வாயாடி என்று பட்டம் கொடுத்ததும் அவர்கள்தான்.

அண்ணனும் தம்பியும் கம்பம் பக்கத்தில் படித்தவர்கள், தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. அம்மாவோ மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். அவள் எழுதினால் கட்டின புருஷனால் வாசிக்க முடியாது. அவர் எழுதினால் பெரியத்தாதான் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டுவார். அண்ணன் வாசிக்கப்போகிறார் என்று தெரிந்து எழுதுகிறவர் பெண்டாட்டிக்கு என்ன எழுதிவிடுவார்? பூனைக்குட்டி வரை விசாரித்திருப்பார். அம்மா 'மற்றும் அனைவரும்' என்பதற்குள் அடங்கிவிடுவாள்.

பிறகு லீவில் வந்த ஒருவரிடம் அத்தா டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அன்றோடு கடிதம் நின்று கேசட் தொடங்கியது. ஒரே கேசட்தான். நாங்கள் பேசி அனுப்புவோம், அத்தா கேட்டுவிட்டு அதன் மேலேயே தன் பதிலைப் பேசி அனுப்புவார், நாங்கள் கேட்டுவிட்டு மறுபடி அதன் மேலேயே பேசுவோம். துபாயில் கேசட்டுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. எதையும் வீணாக்கினால் பெரியத்தாவுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

பேசுவதில் அம்மா முறை கடைசி. சுற்றி எல்லாரும் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். நல்லா இருக்கேன், உடம்பைப் பாத்துக்கங்க என்பாள். முடிந்தது. அந்தப் பக்கமும் எட்டு ஆண்கள் ஒரே அறையில் இருந்தார்கள். அத்தாவுக்கும் தனியாகக் கேட்க வழியில்லை.

ஒரு மழைக்காலத்து மத்தியானம், பேசி முடித்ததும் பொத்தானை அமுக்க மறந்து எல்லாரும் எழுந்துபோய்விட்டோம். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நாடா தீரும்வரை மழையே பதிந்திருந்தது. அம்மா அதை அழிக்கவில்லை. நம்ம மழையை அவர் கேட்கட்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது. எல்லாரையும் விசாரித்துவிட்டு, கடைசியில் மீன் பொரிக்கிற சத்தம் கேட்டதே, என்ன மீன் என்று கேட்டிருந்தார் அத்தா. பெரியத்தா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மாவுக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. மழையையே அனுப்பியும் மழை போய்ச் சேரவில்லையே என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

அன்று பிடித்த கிறுக்கு அவளை விடவே இல்லை. மழை வரும்போதெல்லாம் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஓட்டுக்கடியில் பதிந்தாள், தகரத்துக்கடியில் பதிந்தாள், குடைக்குள் வைத்தும் பதிந்தாள். போட்டுக் கேட்டால் எல்லாம் மீன்தான். யாரிடம் போய் யோசனை கேட்பாள்? தானே காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, கடைசியில் முறத்தின்மேல் அரிசியை ஒரு பிடி ஒரு பிடியாக உதிர்த்துப் பதிந்தாள். போட்டுக் கேட்டதும் நான் கொடியில் கிடந்த பாவாடையை எடுக்க ஓடினேன். மழையை விட மழையாக இருந்தது. அம்மா தினம் அரிசியும் முறமுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பெரியம்மா, எங்க வீட்டு அரிசியில் கல்லே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

சத்தம் மட்டும் போதாது, மனுஷன் இதையும் பொரியல் என்று சொன்னாலும் சொல்வார் என்று அம்மாவுக்கு பயம். அதனால் படமும் போட்டாள். படகில் எர்ணாகுளம் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கரை நகருமே, அதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். கடைச் சாமான் கட்டிவருகிற பழுப்புக் காகிதங்களை மைதாப் பசையால் ஒட்டி ஒரே நீளமாக்கினாள். எழுபது சாண். பாய் மாதிரி சுருட்டி வைத்துக்கொண்டாள். அடுப்புக்கரி, மஞ்சள், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம், என் கிரேயான் எல்லாம் அதற்குப் போயிற்று. டேப்பில் கரண்டியால் 'டொக்' என்று தட்டும் சத்தம் வரும்போதெல்லாம் கேட்கிறவர் படத்தை ஒரு சாண் விரிக்க வேண்டும். டேப்பின் தொடக்கத்திலேயே அதை ஒரு வரியில் சொல்லிவைத்தாள். பெரியத்தாவின் சாவிக்கொத்துச் சத்தம் வரும்போது மண்டிக் கதவு, அம்மி சத்தத்துக்கு எங்கள் அடுப்படி, மழைக்கு எங்கள் சந்து. அவளுக்கு முகம் வரைய வராது. ஆகவே படத்தில் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். நான் வெறும் இரட்டைப் பின்னல்.

எனக்கு அதில் பெரிய குறை உண்டு. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய என் பாட்டை அம்மா சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாள். நான் தரையில் உருண்டு அழுதேன். அவள் சத்தமில்லாமல் பொத்தானை அமுக்கி, அழுகையைப் பதிந்துகொண்டாள். பாட்டை விட இது நல்லா இருக்கு என்று வேறு சொன்னாள். அந்தக் கோபம் இன்னும் எனக்கு முழுசாகப் போகவில்லை.

வேலை முடிய முடிய அவளுக்கு ஒரே கவலை. இதுவரை அனுப்பியதெல்லாம் அத்தாவின் பதிலில் அழிந்துதான் திரும்பி வந்திருக்கிறது. இதுவும் அப்படித்தான் வரும். இதன் மேல பேசாதீங்கன்னு சொன்னா என்ன என்று நான் கேட்டேன். பெரியத்தா கேட்கிற டேப்பில் அதை எப்படிச் சொல்வது என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

கடைசிப் படம் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், வந்து நிற்கிற படகு. அதற்கு மணிச்சத்தம் வேண்டும். படகு புறப்படும்போது அடிக்கிற மணி ஒரு மாதிரி, கரைசேரும்போது அடிப்பது வேறு மாதிரி. முதல் தடவை அவசரத்தில் புறப்படுகிற மணியைப் பதிந்துகொண்டு வந்துவிட்டாள். மணி மணிதானே என்றால் கேட்கவில்லை. அத்தா போன அன்றைக்கு அடித்த மணி அது, அதை அவருக்கே அனுப்புவேனா என்றாள். எனக்குக் காதுவலி என்று ஒரு பொய் சொல்லி, டாக்டரிடம் போகிற சாக்கில் மறுபடி ஜெட்டிக்குப் புறப்பட்டோம். டேப் ரிக்கார்டரோ ஆறு பெரிய பேட்டரி போட்ட கனத்த பெட்டி. அதை இடுப்போடு அணைத்து, மேலே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மூச்சு வாங்க அம்மா நடந்தாள். மூன்று படகு வரும்வரை நின்றோம். மூன்றாவது மணி அவளுக்குப் பிடித்திருந்தது.

எங்கள் சந்துக்காரி ஒருத்தி அன்று அதே ஜெட்டியில் இருந்தாள். துப்பட்டிக்குள் அம்மாவின் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்ததையும், அம்மா ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு மெள்ள நடந்ததையும் கண்குளிரப் பார்த்தாள். புருஷன் துபாய்க்குப் போய் இரண்டு வருடம். நாங்கள் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருந்தது.

வீட்டில் பெரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெரியத்தா மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார். தம்பி பெண்டாட்டியிடம் அவர் நேராகப் பேச மாட்டார், என்னிடம்தான் கேட்பார். அன்று என்னிடமும் கேட்க அவருக்கு நா எழவில்லை. பெரியம்மாதான் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"துப்பட்டிக்குள்ள என்னத்தடி மறைச்சுக்கிட்டுப் போனே? ஊரே கேக்குது."

அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ரகசியம் வெளியாகிவிட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் பெரியம்மா தலையில் கைவைத்து அழ ஆரம்பித்தாள். இதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு டேப் ரிக்கார்டருக்கா இவ்வளவு அழுகை என்று கத்திக்கொண்டே, நுழையும்போதே அம்மா ஒளித்துவைத்திருந்த வாசல் கதவுக்குப் பின்னாலிருந்து அதை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தேன். பெரியம்மா அழுகையோடு அழுகையாகச் சிரிக்கத் தொடங்கினாள். ஊர் என்ன நினைத்தது என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியத்தா டேப்பைப் போடச் சொன்னார். நின்றுகொண்டே கேட்டார். கொஞ்சம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்தார். இது என் சாவிக்கொத்தா என்று ஒரு தடவை கேட்டார். மழை வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல சேதி எங்கே?" என்றார். துபாய்க்குப் போகிற ஆள் மறுநாளே புறப்படுவதால் புதிதாகப் பேச நேரமில்லை. போகட்டும், அவன் பதில் பேசினால் இது தானாக அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார். அம்மா சுருளைத் துணியில் சுற்றிக் கட்டினாள்.

நாலு மாதம் பதில் இல்லை. அத்தாவுக்கு இது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் சொல்லி அடி வாங்கினேன். ஐந்தாம் மாதம் தோப்பும்படிக்காரர் ஒருவர் வந்தார், அத்தாவின் அறையிலேயே இருப்பவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கூடத்தில் உட்காரவைத்து சாயா கொடுத்தோம். அம்மா வழக்கம்போல உள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவர் பையிலிருந்து எடுத்தது உறை பிரிக்காத புதுக் கேசட். பழையது எங்கே என்று பெரியத்தா கேட்டார்.

"அது கிட்டாது இக்கா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச அவன் சம்மதிக்க மாட்டான்."

பிறகு அவர் சொன்னதை நான் வாயைப் பிளந்து கேட்டேன். முதல் நாள் எல்லாரும் கேலி பண்ணினார்களாம், வீட்டுக்காரி கரண்டி சத்தம் அனுப்பியிருக்கிறாள் என்று. அத்தா கட்டிலில் சுருளை வைத்து, தட்டத்தட்ட ஒவ்வொரு சாணாக விரித்தாராம். மழை வந்ததும் கேலி நின்றதாம். ஆலப்புழைக்காரர் ஒருவர் திருப்பிப் போடச் சொல்லித் திருப்பிப் போடச் சொல்லி, அன்றைக்குச் சோறு ஆறிப்போயிற்றாம். வெள்ளிக்கிழமை தோறும் போட்டுக் கேட்கிறார்களாம். விரித்துச் சுருட்டி ஓரம் கிழிவதால் அத்தா அதை அறையைச் சுற்றிச் சுவரில் ஒட்டிவிட்டாராம். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த எட்டுப் பேரும் வாராவாரம் கேட்பது என் அழுகையைத்தானே.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்நிய ஆம்பிளை முன்னால் அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எந்த இடத்துல இருந்து ஒட்டியிருக்கு?"

வந்தவர் எழுந்துவிட்டார். பெரியத்தா தடுக்கவில்லை. வந்தவர் அம்மாவை அக்கா முறையில் இத்தா என்று கூப்பிட்டு, எங்கள் கூடத்தையே அந்த அறையாக வைத்துக் கை நீட்டிக் காட்டினார். "இத்தா, வாசல் இதுன்னு வச்சா, அவன் கட்டில் அந்த மூலை. தலைமாட்டுல இருந்து தொடங்கி, அப்படியே சுத்தி, வாசலுக்கு மேல வந்து தீருது."

அத்தா எப்போது வருகிறார் என்று கேட்பாள், எனக்குப் பொம்மை ஏதாவது கொடுத்தனுப்பினாரா என்றாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இப்படியும் ஒரு அசட்டுக் கேள்வி உண்டா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்தவர் சாயாவைக் குடித்துவிட்டுப் போனார். பெரியத்தா அவரோடு படி இறங்கினார்.

கூடம் காலியானதும் அம்மா வெளியே வந்தாள். அவர் காட்டிய மூலைக்குப் போய் நின்றாள். பிறகு சுவரில் கையை விரித்து வைத்து ஒரு சாண், அதையொட்டி இன்னொரு சாண் என்று மெள்ள நகர்ந்தாள். பெஞ்சைத் தாண்டினாள், ஜன்னலைத் தாண்டினாள். உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது, கன்னமும் நனைந்திருந்தது. நான் கூப்பிடப் போனேன். பெரியம்மா என் வாயைப் பொத்தி, "சும்மா இரு, போய்ட்டு வரட்டும்" என்றாள்.

எங்கே போய்விட்டு வரட்டும் என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா கூடத்தில்தானே இருந்தாள். பெருநாளுக்கு வெள்ளையடிக்கத்தான் சுவரை அளக்கிறாள் என்று முடிவு செய்து, பெரியம்மாவின் கையை விலக்கிவிட்டு, இந்தத் தடவை வெள்ளை வேண்டாம், நீலம்தான் அடிக்கணும் என்று உரக்கச் சொல்லிவைத்தேன்.