ஒன்று வாங்கிய மகள்

"நான் போட்ட மார்க்கை நானே மாத்தினது கிடையாது. இனிமேயும் மாத்த மாட்டேன். ஜனாதிபதியே குதிரையில வந்து இறங்கிக் கேட்டாலும் சரி."

பெஷ்-தால் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ஷய்லோபெக் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது பள்ளியின் ஆண்டு விழா மேடையில், மாவட்டத் தலைவரின் முன்னிலையில். அதற்கு முந்தைய வாரம்தான் அந்த மாவட்டத் தலைவரின் மகனுக்கு அல்ஜீப்ராவில் மூன்று போட்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. மாவட்டத் தலைவரும் தட்டினார்; கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஆசிரியரை அகாய் என்போம். அகாய் பிறந்தது ஒரு தேர்தல் நாளில். அதனால்தான் ஷய்லோபெக் என்ற பெயர். எங்கள் மொழியில் ஷய்லோ என்றால் தேர்தல். அந்தக் காலத்துத் தேர்தல்களில் ஒரே ஒரு வேட்பாளர்தான் நிற்பார். அதனாலோ என்னவோ, எந்த விஷயத்திலும் அகாயிடம் ஒரே ஒரு முடிவுதான் இருந்தது.

மதிப்பெண் என்பது அவருக்குப் பள்ளி மணியோடு முடிகிற வேலை இல்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்று எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். கல்யாணம், கருமாதி, புதிய அமைச்சர், பழைய பாலம் எல்லாவற்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஐந்து என்றால் சிறப்பு, நான்கு நன்று, மூன்று என்றால் பிழைத்துப் போ, இரண்டு தோல்வி. என் தம்பியின் கல்யாண விருந்தில் கறியும் மாவுப் பட்டையும் சேர்த்துப் பரிமாறிய பெஷ்பர்மக்குக்கு மூன்று போட்டிருந்தார், காரணம், "மாவு தடிப்பு." தம்பிக்கு இப்போது நான்கு பிள்ளைகள். மதிப்பெண் அப்படியே நிற்கிறது.

ஒன்று என்றும் ஒரு மதிப்பெண் உண்டு. சட்டப்படி உண்டே தவிர யாரும் போடுவதில்லை. இரண்டு வாங்கிய பிள்ளையை அடிப்பார்கள். ஒன்று வாங்கிய பிள்ளையைப் பார்த்து அழுவார்கள்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் அய்சிரேக். தலைநகரில் நீர்ப்பாசனப் பொறியியல் படித்து, வழக்கப்படி முதல் மாணவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டை டிப்ளோமாவோடு வந்தாள். அகாய் அதற்கு ஐந்து போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார். ஆணியடித்த சுவர் ஆறுவதற்குள் மகள் அடுத்த செய்தியைச் சொன்னாள்: ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷம், கல்விக் கட்டணம் கிடையாது.

"ஏன், இங்க தண்ணி இல்லையா? வாய்க்கால் இல்லையா?" என்றார் அகாய்.

"ரெண்டும் இருக்குப்பா. கணக்குதான் இல்ல."

கணக்கு வாத்தியாரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனால் உண்மை. எங்கள் ஊரில் தண்ணீரை அளப்பது கண்ணால்தான். அளவில் கருத்து வேறுபாடு வந்தால் மண்வெட்டியால்.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி அகாயிடம் ஏற்கெனவே ஆதாரங்கள் இருந்தன. எர்கேஷ் என்பவன் வெளிநாட்டில் ராஜதந்திரம் படித்துவிட்டு வந்து, சந்தையில் போன் உறை விற்கிறான். நான்கு மொழியில் பேரம் பேசுவான், நான்கிலும் விலை குறைக்க மாட்டான். இன்னொருவன் போனவன் போனவன்தான். அவன் அம்மா அவனைப் போன் திரையில் வளர்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டு புள்ளிகளை வைத்து அகாய் ஒரு நேர்க்கோடு வரைந்தார். மகளும் மனைவி கனிஷாயும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோட்டை எடுத்து எழுதினார்: "அய்சிரேக் வெளிநாட்டில் படிக்கப் போவது — 2. காரணம்: படிப்பு அங்கே, வேலை இங்கே. இரண்டும் சந்திக்கப் போவதில்லை."

மகள் அதைத் தலைகீழாகவே படித்தாள். பெட்டியைக் கட்டினாள். பிடிவாதமும் பரம்பரைச் சொத்துதானே.

முதல் பருவத் தேர்வு முடிந்து முடிவுகள் வந்தன. மகளோடு பேசுகிற உத்தியோகம் கனிஷாயுடையது; தான் இரண்டு போட்ட விஷயத்தில் விசாரணை செய்வதை அகாய் கௌரவக் குறைவாக நினைத்தார். அடுப்படியில் நின்று காதை மட்டும் அனுப்புவார். அன்றைக்குக் கனிஷாய் போனை வைத்துவிட்டு வெகுநேரம் டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வாங்கியிருக்கா?"

"நீரியல்ல ஒண்ணு."

அகாய் உட்கார்ந்தார். "மத்ததுல?"

"இன்னொண்ணுலயும் ஒண்ணு. அப்புறம் ஏதோ ஒண்ணே காலோ என்னமோ. சிரிச்சுக்கிட்டே சொல்லுறா, வாத்தியாரே. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சிரிக்குது பிள்ளை."

மறுநாள் கடை வாசலில் தொக்தோசுன் பிடித்துக்கொண்டார். அகாயின் வகுப்புத் தோழர். பக்கத்து வீடு, பக்கத்து வயல். சிறு வயதில் அகாயைப் பார்த்துக் காப்பியடித்தே நான்கு வாங்கியவர், அதை இன்றுவரை மறைத்ததில்லை.

"உன் பொண்ணு அங்க தட்டு கழுவுதாமே?"

"சாயங்காலம் கழுவுது. பகல்ல படிக்குது."

"என்ன மார்க்கு?"

முப்பத்தொரு ஆண்டு ஆசிரியப் பணியில், பனிப்புயலிலும் ஏட்டில் பொய் எழுதாத அந்த மனிதர், தொக்தோசுனின் கல்பாக் தொப்பிக்கு மேலே தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு, "ஐந்து" என்றார். அவருடைய காதுகள் சிவந்துபோயின. குளிர் காரணமாக இருக்கலாம் என்று கடைக்காரர் பிற்பாடு சாட்சி சொன்னார்.

அதன் பிறகு அந்தப் பொய்க்குத் தீனி போட வேண்டியிருந்தது. யார் கேட்டாலும் ஐந்து. தபால்காரிக்கு ஐந்து, தலைமை ஆசிரியருக்கு ஐந்து. ஊர் பெருமைப்பட்டது. "ஊர்ப் பேருலயே பெஷ் இருக்கு, அஞ்சு வராம என்ன வரும்?" என்று பேசிக்கொண்டார்கள்; பெஷ் என்றால் எங்கள் மொழியில் ஐந்து. இங்கே ஊர் முழுவதும் ஐந்தாக மணத்துக்கொண்டிருக்க, அகாய் இளைத்துக்கொண்டே போனார்.

ஆகஸ்டில் மகள் விடுமுறைக்கு வந்தாள். மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் வைக்கோல் அடுக்கும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே கஷ்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், தானும் சொல்லப் போவதில்லை என்று அறிவித்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மென்மையாகப் பேசியதில்லை என்பதால் மகள் பயந்துவிட்டாள்.

"எதுக்குப்பா திரும்பி வரணும்?"

"ஒண்ணு வாங்கியிருக்கியே, தாயி."

 அவள் வைக்கோல் மேல் விழுந்து சிரித்தாள். அங்கே மதிப்பெண் தலைகீழ். ஒன்றுதான் உச்சம், நான்கோடு தேர்ச்சி முடிந்தது என்று மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கினாள்.

"அப்ப அங்க அஞ்சு வாங்கினா?"

"ஃபெயில்."

அகாய்க்கு ஜெர்மானியர்கள் மேல் இரக்கம் வந்தது. இவ்வளவு இயந்திரங்களைச் செய்த ஜனங்கள், எண்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். பிறகு மெதுவாக இன்னொன்று உறைத்தது: ஆறு மாதமாகத் தான் சொன்னது பொய்யே இல்லை. துல்லியமான மொழிபெயர்ப்பு. அன்றைக்கு அவர் புளித்த குதிரைப்பாலான குமிஸ் இரண்டு கோப்பை கூடக் குடித்தார்.

இரண்டாம் ஆண்டு முடிந்து மகள் பட்டத்தோடு வந்தாள். சிவப்பு அட்டை இல்லை, மற்றவர்களுக்குக் கொடுக்கும் நீல அட்டைகூட இல்லை; இரண்டு வெள்ளைத் தாள். கனிஷாய் சந்தைக்குப் போய்ச் சிவப்பு உறை ஒன்று வாங்கி வந்து, தாளை அதற்குள் வைத்து, அப்புறம்தான் உறவினர்களுக்குக் காட்டினாள்.

கூடவே இன்னொரு தாளும் வந்திருந்தது. அங்கே ஒரு நிறுவனம் வேலை தருவதாக எழுதியிருந்தது. அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அய்சிரேக்குக்கு ஆசை எங்கள் மாவட்ட வாய்க்கால் அலுவலகத்தின் மேல். பொறியாளர் நாற்காலி இரண்டு வருஷமாகக் காலி. அதில் பூனை தூங்குகிறது. அது கிடைத்தால் இருப்பேன், கிடைக்காவிட்டால் போவேன், போனால் எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது என்று வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.  அகாய் மூன்று குளிர்காலத்துக்கான விறகை ஒரே வாரத்தில் பிளந்தார்.

அந்த அலுவலகத்தில் ஆள் சேர்க்கும் பொறுப்பு குல்பார்ச்சின் என்ற பெண்மணியிடம். அய்சிரேக்கின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ரகசியமாகக் கேட்டாளாம்: "ஏம்மா, இத்தனை ஒண்ணு வாங்கியும் எப்படிப் பட்டம் கொடுத்தாங்க? நல்ல மனசுக்காரங்களா?" விளக்கம் சொன்ன பிறகு அவள் நம்பினாள், அவளுடைய கணினி நம்பவில்லை. அதன் கட்டங்கள் இரண்டில் தொடங்கி ஐந்தில் முடிந்தன. உள்ளூர் மதிப்பெண்ணில் மாற்றி, முதல் தர கணக்கு ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றாள்.

மாவட்டத்திலேயே முதல் தர கணக்கு ஆசிரியர் ஒருவர்தான். அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அகாய் மாட்டேன் என்றார். மகளுடைய ஒன்றையெல்லாம் அப்பன் ஐந்தாக்கினான் என்று ஊர் பேசும். பேசுவது எழுத்துக்கு எழுத்து உண்மையாகவும் இருக்கும். கனிஷாய் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க எதையும் மாத்த வேண்டாம். நாலு கிலோமீட்டரை நாலாயிரம் மீட்டர்னு எழுதினா ரோட்டை நீட்டினதா ஆயிடுமா?"

 அகாய் தாளைக் கேட்டு வாங்கினார். அங்கே தேர்ச்சி ஒன்றிலிருந்து நான்கு வரை. இங்கே ஐந்திலிருந்து மூன்று வரை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு சூத்திரம் கட்டினார். அரைப் பங்குக்கு மேல் இருந்தால் மேலே ஏற்றினார், குறைந்தால் கீழே இறக்கினார். பதினோரு பாடங்களில் எட்டுக்கு ஐந்து வந்தது. மூன்றுக்கு நான்கு. அதில் கான்கிரீட் பாடம் இங்கே கொஞ்சம் கண் அசந்தால் ஐந்தாகியிருக்கும். அகாய் கண் அசருகிற ஜாதி இல்லை.

பட்டியலைத் தானே கொண்டுபோனார். குல்பார்ச்சின் எழுந்து நின்றாள். அவளும் அவருடைய மாணவிதான். இருபது வருஷத்துக்கு முன்னால், நான்கு இருந்தால் நகரத்துக் கல்லூரியில் சேரலாம் என்று அழுதவளுக்கு மூன்று போட்டு அனுப்பியவர் இவர்.

"உக்காருங்க அகாய். மார்க்கை மாத்தக் கூடாதுன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்" என்றாள்.

"ஆமா."

அவ்வளவுதான். அவளும் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கான்கிரீட்டில் விரல் நின்றது. பக்கத்திலிருந்த சூத்திரத்தை ஒருமுறை தானே போட்டுப் பார்த்தாள்.

"சொந்தப் பொண்ணுக்கே நாலு போட்டிருக்கீங்க."

"நாலுதான் வருது."

 அலுவலக வழக்கப்படி கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்றாள் குல்பார்ச்சின். எண் மாறிய எந்தத் தாளிலும் "திருத்தியதை நம்புக" என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் எங்கள் நாட்டில் செல்லும். அகாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது திருத்தம் இல்லை, மொழிபெயர்ப்பு என்றார். அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு "மொழிபெயர்ப்பு சரி" என்று எழுத உடன்பாடு ஏற்பட்டது. முத்திரை விழுந்தது. நாற்காலியிலிருந்த பூனை வேறு இடம் பார்த்துக்கொண்டது.

இரண்டு வசந்தம் போய்விட்டது. அய்சிரேக் ஒவ்வொரு மதகிலும் கோடு போட்ட கம்பத்தை நட்டாள். யாருக்கு எத்தனை கோடு, எத்தனை மணி நேரம் என்று பலகையில் எழுதி வைத்தாள். முதல் மாதம் எல்லோரும் திட்டினார்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் போன அன்று கடைசி வயல்காரன் நம்பாமல் கையை விட்டுப் பார்த்தான். அந்த ஆண்டு எங்கள் மண்வெட்டிகள் மண்ணை மட்டுமே வெட்டின. மருத்துவமனையில் தலைக்குத் தையல் போடுகிற டாக்டருக்கு ஓய்வு கிடைத்தது. மாவட்டத்தில் எங்கே போய் "பெஷ்-தால்" என்று சொன்னாலும், "வாய்க்கால் பொண்ணு ஊரா?" என்று கேட்டு ஒரு கோப்பை தேநீர் கூட ஊற்றுகிறார்கள். நானே இதை வைத்து நிறையக் குடித்திருக்கிறேன்.

போன மாதம் தொக்தோசுன் தன் மகள் விஷயமாக அகாய் வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்குக் கொரியாவில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம்.

"அனுப்பலாமா, வேணாமா? நீ சொல்லு."

"என்ன படிக்கப் போறான்னு தெரியுது. முடிச்சுட்டு எங்க போய் நிக்கப் போறா? அதைக் கேட்டியா?"

"கேட்டேன். நம்ம ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுறா. இன்னைக்குச் சொல்லுறா, நாளைக்கு யாரு கண்டா?"

"அது யாருக்கும் தெரியாது."

"உன் நோட்டுல இதுக்கு மார்க்கு இருக்குமே. அதையாவது காட்டு, பார்த்துட்டுப் போறேன்."

அகாய் நோட்டை எடுக்கவில்லை. சந்தைக்குப் போய் எர்கேஷையும் பார், கால்வாய்க்குப் போய் அய்சிரேக்கையும் பார், இரண்டு பேரிடமும் உன் பெண்ணைப் பேசவிடு என்றார். தேநீர் ஊற்றினார். தொக்தோசுன் குடித்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத வாத்தியார் என்று சொல்லிவிட்டு, மறுநாளே சந்தைக்குப் போவதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு அகாய் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். இதைச் சொன்னது கனிஷாய். அவள் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், காதை மட்டும் அனுப்பவில்லை, கண்ணையும் அனுப்பினாள். அகாய் ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மகளின் வெளிநாட்டுப் படிப்புக்குப் போட்ட இரண்டின் மேல் அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் நான்கு போட்டார். ஐந்து போடாததற்குக் காரணம் எழுதவில்லை. கீழே, சின்ன எழுத்தில், "திருத்தியதை நம்புக" என்று எழுதி, தேதியிட்டு, முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டார். மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தபடியே மேஜையில் விட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.