ஏழு சப்பாத்துப் பெட்டிகள்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, காலுறை மாட்டிவிடுவது. பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்கள் மண்டையில் ஏற்றிய விதி ஒன்று உண்டு. பராமரிக்கும் வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட எங்களோடு வெளியே வரக் கூடாது. இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் பிறந்து, சட்டம் மீறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே வளர்ந்தவள் நான். அதை எனக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் பார்த்தவர்களில் ஒருவர் மரோனைட் குரு. லெபனான் மலைக் கிராமங்களில் வேரோடிய கத்தோலிக்கச் சபை அது. இந்த வட்டாரத்தில் சிதறிக் கிடந்த அதன் மக்களுக்கு நெடுங்காலம் அவர்தான் தலைவர். பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும் நேரத்தில் அவர் மட்டும் வயதானவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாராம். யார் யாருக்கு ஞானத்தாய், எந்தக் குடும்பம் எந்தச் சண்டையில் எந்த ஊருக்கு ஓடியது என்று கேட்டுச் சிறிய மட்டைகளில் எழுதுவார். அந்த ஊர்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் போரில் எரிந்துவிட்டன. சொன்னவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது அவர் கட்டிலுக்கடியில் இருந்த ஏழு சப்பாத்துப் பெட்டிகள் நிறைய மட்டைகள்தான். நகல் கிடையாது. எழுதி முடிக்காததை ஒருவருக்கும் காட்டமாட்டேன் என்று ஒரே வீம்பு. எனக்கு எரிச்சலாக வரும்.

குளிர்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

“இவற்றை உன் வீட்டில் வை,” என்றார் ஒரு நாள். நாங்கள் பேசிக்கொள்வது ஜெர்மனில்தான். “என் தங்கை மகள் விசா கிடைத்ததும் வந்து வாங்கிக்கொள்வாள். நான் செத்தால் இந்த வீட்டை யார் காலி செய்வார்களோ தெரியாது.”

“முடியாது ஃபாதர். விதி இருக்கிறது. என் வேலை போய்விடும்.”

“நான் உனக்குப் பரிசு தரவில்லை. அடைக்கலம் கேட்கிறேன்.”

அடைக்கலம் என்ற சொல்லை, அகதிகளின் பிள்ளையான என்னிடமே சொல்கிறார். நானோ, பொருள்களைப் பாதுகாப்பில் வைக்கப் பங்குக் கோவில் அலுவலகத்துக்குக் கொடுக்கும் படிவம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, நிரப்பிக் கையெழுத்திடச் சொல்லி மேசையில் வைத்தேன். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை! படிவத்தைத் தொடாமல் அடுத்த வாரமும் கேட்டார். சிரித்து மழுப்பினேன். பிறகு அவர் கேட்கவில்லை.

நான் மூன்று வார விடுமுறையில் போயிருந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். திரும்பிவந்து செய்தி கேட்டதும் அவர் வீட்டுக்கு ஓடினேன். அது முதியோர் குடியிருப்பு. அடுத்தவர் காத்திருந்ததால் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கட்டிலே இல்லை. கீழே லொறியில் அலுமாரியை ஏற்றிக்கொண்டிருந்தவர் கைபேசியில் தமிழில் பேசுவது கேட்டது. இறங்கிப் போய் அவரிடமே கேட்டேன்.

“அண்ணை, கட்டிலுக்குக் கீழ சப்பாத்துப் பெட்டியள் இருந்ததெல்லே, எங்க?”

“ஓம் பிள்ளை, எழுதின மட்டையள்தானே? முந்தநாள் பழைய பேப்பரோட போட்டாச்சு. கட்டியிருந்த றப்பர் வளையமெல்லாம் ஒவ்வொண்டாக் கழட்டித்தான் போட்டனான். கலந்து போட்டா இவங்கள் ஏசுவாங்கள்.”

அவர் குரலில் பெருமை இருந்தது. அவரை நான் என்ன சொல்ல? அவரும் என்னைப் போலத்தான், விதி பிசகாத ஆள்.

என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், தன் லொறியிலேயே காகிதக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கம்பியால் இறுக்கிக் கட்டிய காகிதக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. கட்டுகளின் இடுக்கில் கைவிட்டு இழுத்தேன். கடை விளம்பரங்கள், பழைய பத்திரிகை, யாருடையதோ பள்ளிக் கொப்பி. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. முந்தநாள் வந்ததெல்லாம் நேற்றே ஆலைக்குப் போய்விட்டது என்று மேற்பார்வையாளர் சொன்னார். இல்லை, பொய் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு ஜெர்மன்காரரைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்த வேண்டிய காலத்தில் வாய் வரவில்லை, கடவுளே.

“வாங்கோ பிள்ளை, இனி ஏலாது,” என்று அண்ணை என் தோளைப் பிடித்தார்.

வசந்தத்தில் குருவின் தங்கை மகள் வந்தாள். எங்கள் அலுவலகத்தில் என் எண்ணைக் கேட்டு அழைத்து, ரயில் நிலையக் கோப்பிக் கடைக்கு வரச் சொன்னாள். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

“மட்டைகளை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்று மாமா கடைசியாகப் பேசும்போது சொன்னார்,” என்றாள் ஆங்கிலத்தில். “தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் பத்திரமாக இருக்கிறது, நீ அவசரப்படாமல் வா என்றார். அதனால்தான் நான் வேறு யாரையும் அனுப்பவில்லை.”

நான் வாய் திறப்பதற்குள் அவள் குனிந்து, கூடக் கொண்டுவந்திருந்த சூட்கேஸைத் திறந்தாள். அதற்குள் ஒன்றுமே இல்லை.