ஒரு கோப்பையும் இல்லாத அணி

அமெரிக்காவின் பிஸ்கட்டவே நகரில், பல்கலைக்கழக மைதானத்தின் பார்க்கிங்கில், ஆட்டத்துக்கு முன் இங்கே எல்லோரும் செய்வதுபோல் காருக்குப் பின்னால் அடுப்பு வைத்துப் பனீர் வாட்டுகிறார் என் தோழி கவிதா. ஈரோட்டுக்காரர், இங்கே படித்தவர். இன்று அமெரிக்கக் கால்பந்தில் மோத வந்திருப்பது அவர் கணவர் முரளி படித்த கல்லூரியின் அணி. இரண்டும் ஒரே கான்ஃபரன்ஸ், அதாவது ஆண்டுதோறும் ஒரே பட்டத்துக்குப் போட்டியிடும் கல்லூரிகளின் குழு.

"நாங்க எத்தனை டைட்டில் வின் பண்ணியிருக்கோம்னு இவளையே கேளுங்க," என்கிறார் முரளி என்னிடம்.

"அவங்களுக்கு நிறைய. எங்களுக்கு ஒண்ணுகூட இல்லீங்க," என்கிறார் கவிதா நிதானமாக. "ஆனா அந்த டைட்டில் ஜெயிச்சவங்க யாரும் இன்னைக்கு விளையாட வரலையே."

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கவிதாவின் அணி முந்தி ஜெயிக்கிறது. நம்ப முடியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வரிசையில் முதலில் எழுந்து கைதட்டுபவர் முரளி.