பிரான்காச்சோவுக்கு மூன்று முறை பஸ் ஏறிய நீதிபதி

சென்ற செவ்வாய்க்கிழமை, மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் உணவகத்துக்கு, சாவுச் செய்தி சொல்ல மனைவி தொலைபேசி எடுத்தாள். "ஜட்ஜ் ஐயா மோசம் போயிட்டாராம். அமெரிக்காவிலை இருந்து அவரின்ரை மகள் எடுத்துச் சொன்னவ." கோப்பைகள் குவிந்து கிடந்தன. கழுவி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இந்த மடலை வாசிக்கும் நம் தேவாலயப் பங்கு மக்களாகிய நீங்கள் அவரை, சீசாப் பகுதிச் சந்தையில் காய்கறிக்குப் பேரம் பேசும் நெட்டைக் கிழவராக அறிவீர்கள். பெற்றோர் இதே சீசாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சட்டமா அதிபராக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்து, பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியாகி, ஓய்வு பெற்றதும் இங்கே சிசிலிக்கு வந்தார். அவர் வீட்டைத் துடைத்துச் சமைப்பது என் வேலையாக இருந்தது. இரண்டு பதவிகளையும் பற்றி ஒருமுறை கேட்டேன். "முதல் வேலையிலை சாட்சியைத் தேடி நான் போனன். மற்றதிலை சாட்சி என்னட்டை வரும். கதிரையிலை இருந்து இருந்து கால் விறைச்சுப்போச்சு," என்றார். அவர் பேசியது சிசிலியம். நம் பேச்சில் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பெர்மெசோ இல்லை. அந்த வதிவிட அனுமதி கிடைத்தால்தான் மன்னாரில் அகதி முகாமிலிருந்த மனைவியை அழைக்கலாம். அதைப் பெற, முந்திய ஆண்டே இங்கே வேலை செய்தேன் என்று ஒரு முதலாளி எழுதித்தர வேண்டும். நான் அவரிடம் சேர்ந்ததோ அந்த ஆண்டுப் பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு. அவர் ஒரு திகதியை மாற்றி எழுதினால் போதும். பெரியவர்களிடம் வெறுங்கையோடு போகக்கூடாதே என்று நண்டுக்கறி சமைத்து, மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

சட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். "இதைத் தந்திட்டுக் கேக்கிறாய். இனி நான் தின்னவும் ஏலாது, எழுதவும் ஏலாது. பொய்த் திகதி எழுதினவங்களை மறியல்சாலைக்கு அனுப்பினவன் நான்."

கல்நெஞ்சன் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினேன். கோபத்தில் கறி முழுவதையும் நானே தின்றேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கேட்டார்: "அப்ப போன வருசம் எங்கை வேலை செய்தனீ?"

நகரின் ஓரத்தில், பிரான்காச்சோவில், ஒரு தச்சுப் பட்டறையில் என்றேன்.

"ஆர் கண்டது?"

"முதலாளிதான்."

"வெளிக்கிடு."

பஸ் ஏறினோம். பதிவில்லாமல் ஆள் வைத்திருந்த முதலாளி பயந்துபோய், என்னைத் தெரியாது என்றான். அடுத்த மாதம் போனபோது கதவே திறக்கவில்லை. மூன்றாம் முறை கிழவர் வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து, தானாக எழுதிக் கொடுப்பவருக்குத் தண்டனை இல்லை என்ற சட்டப் பிரிவை அவனுக்கு மத்தியானம் வரை வாசித்துக் காட்டினார். அவன் உண்மைத் திகதியை எழுதிக் கொடுத்தான். பெர்மெசோ வந்த அன்று, "இப்ப நண்டு கொண்டுவா," என்றார்.

இந்த அலைச்சலில் ஆறு மாதம் போயிற்று. அதற்குள் முகாமில் மனைவிக்கு மலேரியா வந்து, உயிர் தப்பியதே பெரும்பாடாகிவிட்டது. அவர் இறந்த செய்தி வந்த அன்று அவள் சொன்னாள்: "அண்டைக்கே எழுதித் தந்திருந்தா எனக்கு அந்தக் காய்ச்சல் வந்திராது. நல்ல மனுசன்தான். ஆனா அதையும் எழுதுங்கோ." எழுதிவிட்டேன்.

இப்போது பெர்மெசோவுக்காகக் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், கொடுக்கும் படிவத்தை நிரப்ப என்னிடம் வருகிறீர்கள். திகதியை மாற்றச் சொல்கிறீர்கள். நான் மாற்றுவதில்லை, யார் கண்டது என்று கேட்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் என்னைத் திட்டுவதும் தெரியும். உங்களுக்காகவும் ஒருத்தி முகாமில் காத்திருக்கிறாள் என்பதும் தெரியும். அதனால்தான் உங்களோடு நானும் பஸ் ஏறுகிறேன்.