அண்ணனுக்கு எந்த வோட்கா

அண்ணன் வோட்கா மட்டும்தான் குடிப்பான். பிராந்தி குடித்துவிட்டு வந்தால், எங்கள் கள்ளிக்குப்பம் தெருமுனையில் அவன் திரும்பும்போதே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். வோட்காவில் வாடை கம்மி என்பது அவன் நினைப்பு.

நசரத்பேட்டைப் பக்கம் லாரி மோதி அவன் போய்விட்டான். அன்றைக்கு அவன் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் படையலுக்கு அம்மா காலையிலிருந்தே அடுப்படியில் இருந்தாள். மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

"அவன் குடிக்கிறதையும் வாங்கியாடா. எதுனா ஒண்ணத் தூக்கினு வராத. அவனுக்குப் புடிச்சத வாங்கு."

அவன் இருந்தவரை அந்தப் பேச்சை எடுத்தாலே துடைப்பத்தைத் தூக்கியவள் அவள்.

எனக்கு எது என்று தெரியவில்லை. மொட்டை மாடியில் அவனோடு உட்கார்ந்து குடித்திருக்கிறேன். ஆனால் அவன் கடை வாசலிலேயே தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டுதான் வருவான். அவனோடு எஸ்டேட் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டிய கூட்டாளியைக் கேட்டேன். சிவப்பு லேபிள் என்றார். எனக்கு ஒரு தடவை கடை வாசலில் அவன் கையில் நீல மூடியைப் பார்த்த ஞாபகம். இரண்டையும் வாங்கினோம். நல்ல சரக்கு என்று கடைக்காரர் காட்டிய விலை கூடிய பாட்டிலையும் வாங்கினோம். குடித்துப் பார்த்தால் நாக்கு சொல்லிவிடும் என்று நம்பினோம்.

மாடியில் அண்ணன் செய்வதுபோலவே செய்தோம். உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பது, பிறகு தண்ணீர் கலக்காமல் ஒரு வாய், விழுங்கியதும் மூக்கால் மூச்சு விடுவது.

சிவப்பு லேபிளில் ஊசி போடும் முன் நர்ஸ் தடவும் பஞ்சின் வாடை.

"இன்னாண்ணா இது, பிளேடு முழுங்குன மாரி கீது."

"அதான் நைனா, இதான். காசுக்கு மோசம் இல்லம்பான் உங்கண்ணன்."

"அவன் எல்லாத்தையும் அப்டித்தான் சொல்லுவான்."

நீல மூடியும் அதே விலைதான். முதலில் லேசான இனிப்பு, விழுங்கிய பிறகு கசப்பு. விலை கூடியது வாயில் இருப்பதே தெரியவில்லை. பச்சைத் தண்ணீர்போல இறங்கி, நெஞ்சுக்குள் போய்த்தான் சூடானது.

"சோக்கா கீது," என்றார் கூட்டாளி. "ஆனா இத்த அவன் வாங்கிருக்க மாட்டான். இந்தக் காசுக்கு அதுல ரெண்டு வாங்கிக்கினு வந்து எனக்கு ஒண்ணு குடுப்பான்."

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

காய்ந்த துணியை எடுக்க அம்மா மாடிக்கு வந்தாள். மூன்று பாட்டிலும் திறந்து கிடப்பதைப் பார்த்தாள்.

"அடப்பாவிங்களா! படையலுக்கு வெக்கறத எச்சி பண்ணிட்டு குந்தினு கீறீங்களா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. குழம்பில்கூட உப்புப் பார்க்காமல் சமைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"எதுன்னு தெரிலம்மா. அதுக்குத்தான் குடிச்சிப் பாத்தோம்."

துணியை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுடா தொண்ட எரியாம எறங்குது?"

விலை கூடியதைக் காட்டினேன்.

"அது அவன் குடிச்சதே இல்லம்மா," என்றார் கூட்டாளி.

"அப்ப இன்னிக்காச்சும் குடிக்கட்டும். போய் புச்சா ஒண்ணு வாங்கியாங்க. மூடியத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்."

சாயங்காலம் அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். பாட்டில் மூடி அம்மாவுக்குத் திறக்க வரவில்லை. என்னிடமும் தரவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவளே திருகினாள். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள்.

"தண்ணி எவ்ளோ ஊத்துவான்?"

"பாதிக்குப் பாதிம்மா."

சொம்பை எடுத்துச் சாய்த்தாள். பாதியைத் தாண்டியும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "போதும்மா," என்றேன்.

"நீ சும்மா இருடா," என்று டம்ளர் நிறையும்வரை ஊற்றினாள்.